நான்காம் அறையின் வாசற்காரி

மனித வரலாறு இரண்டு பாகம் கொண்டது. காந்தத்துக்கு முன், காந்தத்துக்குப் பின். இயக்குநர் முனைவர் மதன்குமார் திறப்பு விழாவில் இப்படித்தான் பேச்சைத் தொடங்கினார். கம்பம் பள்ளத்தாக்கு அந்த இரண்டாம் பாகத்துக்குள் போன வருஷம் ஆவணியில், ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு நுழைந்தது. அன்று சாயங்காலம் நாலு மணிக்குத் தரை துடைக்க வந்த ஆளின் தகர வாளி, கைப்பிடியை உதறிக்கொண்டு பறந்துபோய்க் காந்தத்தின் வாய்க்குள் குப்புறச் சிக்கியது. அதை எடுக்கப் பெங்களூரிலிருந்து ஆள் வரவேண்டியிருந்தது. இரண்டாம் பாகம் பதினேழு நாள் பூட்டிக் கிடந்தது.

வாளிக்காரருக்கு வேலை போயிற்று. வாசலில் நின்று மறிப்பதற்கென்றே ஓர் ஆள் வேண்டும் என்று முடிவானது. அப்படி வந்தவள்தான் முனீஸ்வரி.

பிளஸ் டூ படித்தவர்கள் பதினாலு பேர் நேர்காணலுக்கு வந்திருந்தார்கள். மதன்குமார் எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். “மந்திரி வர்றார். கையில் செல்போன் இருக்கு. என்ன செய்வீங்க?” மற்றவர்கள் வணக்கம் சொல்வோம் என்றும் மேலதிகாரியைக் கூப்பிடுவோம் என்றும் சொன்னார்கள். முனீஸ்வரி, “போனை வாங்கி வச்சுக்கிட்டு டோக்கன் குடுப்பேன் சார்” என்றாள். அந்த நிமிஷமே வேலை கிடைத்தது. பின்னாளில் மதன்குமார் தன் வாழ்க்கையில் எடுத்த முடிவுகளில் இதைப் பற்றித்தான் அதிகம் யோசித்திருப்பார்.

உத்தமபாளையத்திலிருந்து பண்ணைப்புரம் போகும் சாலையில், இந்தப் பக்கம் தென்னந்தோப்பும் அந்தப் பக்கம் திராட்சைப் பந்தலுமாக இருக்கும் இடத்தில் அந்தக் கட்டிடம் இருந்தது. பெயர்ப் பலகையில் ‘பள்ளத்தாக்குக் கூட்டுக் காந்த ஒத்ததிர்வு ஆய்வு மையம்’ என்று எழுதியிருந்தது. பஸ் கண்டக்டர்கள் ‘காந்த ஆபீஸ்’ என்று சொல்லி இறக்கிவிட்டார்கள். உள்ளே இருந்தது, ஆஸ்பத்திரியில் ஆளைப் படுக்கவைத்து மண்டைக்குள் படம் எடுப்பார்களே, அந்தச் சாதி மெஷின். கிணற்று உறையைப் படுக்கப் போட்ட மாதிரி இருக்கும். ஒரு கல்லூரி, ஓர் ஆஸ்பத்திரி, விவசாய ஆராய்ச்சிக்காரர்கள், ஏலக்காய் வியாபாரிகளின் அறக்கட்டளை என்று நாலு பங்காளிகள் அதற்கு. ஒருநாள் மனுஷ மூளை, ஒருநாள் பன்னீர்த் திராட்சைக் குலை, ஒருநாள் தேங்காய். யாருக்கு எந்த நாள் என்று நோட்டுப் போட்டு முறை வைத்திருந்தார்கள்.

உத்தமபாளையம் வாய்க்காலில் வயலுக்கு முறைத்தண்ணீர் திருப்பிவிடுகிறவன் முனீஸ்வரியின் புருஷன் தங்கபாண்டி. அவனுக்கு இது ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. “மடை முறைதான. பெரிய வயக்காரன் ராத்திரியோட ராத்திரியா உடைச்சு விட்டுக்குவான், பாத்துக்க” என்று மட்டும் எச்சரித்தான்.

கட்டிடத்தில் நாலு அறைகள். முதல் அறையில் யாரும் உட்காரலாம். இரண்டாம் அறையில் படிவம் எழுத வேண்டும். மூன்றாம் அறையில் உடம்பில் இருக்கும் இரும்பு, தங்கம், வெள்ளி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மையம் கொடுக்கும் நாடா வைத்த பருத்தி உடுப்பை மாட்டிக்கொள்ள வேண்டும். அங்கேதான் முனீஸ்வரி கையில் சோதனைக் கோலோடு நிற்பாள். கரண்டி மாதிரி இருக்கும். உலோகத்துக்குப் பக்கத்தில் போனால் கத்தும். நான்காம் அறையில் காந்தம். கரண்டு போனாலும் காந்தம் போகாது என்பதை வந்தவர்களுக்குப் புரியவைப்பதே பெரும்பாடு. “இப்ப ஆஃப் பண்ணித்தானம்மா இருக்கு?” என்று கேட்காத ஆளே இல்லை.

விதிகள் மொத்தம் நாற்பத்திரண்டு. மதன்குமார் கைப்பட எழுதியவை. எல்லாவற்றையும் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய ஒரே ஆள் முனீஸ்வரி. விதி பதினேழு: கோல் கத்தினால் கதவு திறக்கப்படாது, யாராக இருந்தாலும். விதிக்காக அவள் தன் தங்கத் தாலியையே கழற்றி பீரோவில் வைத்துவிட்டு, மஞ்சள் கயிற்றில் கிழங்கு கோத்துக் கட்டிக்கொண்டாள். அதற்கு மாமியார் அக்கம்மாள் மூன்று நாள் சாப்பிடாமல் இருந்ததும், நாலாம் நாள் மொச்சைக் குழம்பு வாசத்தில் மனசு மாறியதும் வீட்டோடு முடிந்த விஷயம்.

விதி ஒன்பதின்படி வாசற்காரியையும் தினமும் காலையில் டெக்னீஷியன் கோலால் சோதிக்க வேண்டும். டெக்னீஷியன் இம்மானுவேல், ராயப்பன்பட்டிப் பையன், கூச்ச சுபாவம். “உங்கள என்னக்கா சோதிக்கிறது” என்று பத்தடி தள்ளி நின்றே நோட்டில் டிக் அடித்துவிடுவான். பத்து மாதத்து டிக்குகளும் ஒரே அழகு.

முனீஸ்வரிக்கு அந்த வாசல் பிடித்துப் போயிற்று. நான்காம் அறைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, இடது கையை நெஞ்சில் வைத்தபடி நிற்பாள். உள்ளே ஏசி காற்று ஒரு தினுசாக இழுக்கும். மஞ்சள் கயிறு லேசாக அசையும். அதற்காக வைத்த கை. வந்தவர்கள் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு பதிலுக்குக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

மதன்குமாரும் அந்த வாசலை ரசித்தார். விருந்தாளிகள் வரும்போதெல்லாம் முதல் ஆளாகக் கைகளை விரித்து நின்று, “இயக்குநருக்கும் விலக்கு கிடையாது” என்று சொல்லித் தன்னைச் சோதிக்கச் சொல்வார். கோல் ஒருநாளும் கத்தியதில்லை. அவர் சுத்தமான விஞ்ஞானி. திறப்பு விழாவிலேயே, “சனி கிரகம் உங்களை இழுப்பதைவிடப் பக்கத்து நாற்காலிக்காரரின் தொப்பை உங்களை அதிகமாக இழுக்கிறது” என்று சொல்லிக் கைதட்டு வாங்கியவர். குச்சனூர் சனீஸ்வரன் கோயில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கும் ஊரில் அப்படிப் பேசுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

ஆடி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை. மலையிலிருந்து சாரல் இறங்கிக்கொண்டிருந்தது. கல்லூரிப் பேராசிரியர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்த மதன்குமார், அன்று மட்டும் கையை விரிக்காமல் கதவைப் பார்த்து நேராக நடந்தார்.

“சார், ஒரு நிமிஷம்” என்றாள் முனீஸ்வரி.

“நேரமாச்சு முனீஸ்வரி. அவங்க ரெண்டு பேரையும் பாத்துட்டீங்கல்ல?”

“பாத்தாச்சு சார். நீங்கதான் பாக்கி.”

வேறு வழியில்லாமல் நின்றார். கோல் தோளில் பேசாமல் இருந்தது. நெஞ்சில் பேசாமல் இருந்தது. இடுப்புக்கு வந்ததும் கத்தியது.

“பெல்ட்” என்றார்.

“பெல்ட்ட கழட்டித்தான சார் இந்த உடுப்ப மாட்டுனீக.”

“பட்டனா இருக்கும்.”

“இது நாடா வச்சதுங்க சார்.”

பேராசிரியர்கள் இருவரும் கூரையில் ஏதோ ஆராயத் தொடங்கினார்கள். மதன்குமாரின் காது மடல் சிவந்தது. “அந்தக் கோல் கெட்டுப்போச்சு” என்றார்.

முனீஸ்வரி கோலைப் பிளாஸ்டிக் நாற்காலி மேல் நீட்டினாள். சத்தமில்லை. பக்கத்திலிருந்த எவர்சில்வர் டம்ளர் மேல் நீட்டினாள். கத்தியது.

“நல்லாத்தான் சார் இருக்கு” என்றாள்.

மறுநாள் மெமோ வந்தது. பணிவின்மை, கருவியைத் தவறாகக் கையாண்டது, விருந்தினர் முன் மையத்தின் மாண்பைக் குலைத்தது. எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்காவிட்டால், வெள்ளிக்கிழமை முடியும் தகுதிகாண் காலத்தோடு வேலையும் முடியும். மன்னிப்புக் கேட்டால் வேலை நிரந்தரம்.

வீட்டில் அக்கம்மாள் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். முனீஸ்வரி மெமோவை வாசித்துக் காட்டினாள். மாண்பு என்றால் என்ன என்று அக்கம்மாள் கேட்டாள். தனக்கும் சரியாகத் தெரியாது என்றாள் முனீஸ்வரி.

“எழுதிக் குடுத்துட்டு வா ஆத்தா. காயிதந்தான” என்றாள் அக்கம்மாள்.

“செய்யாத தப்புக்கு எப்படி அத்தே எழுதுறது?”

“ஏன், கையி வலிக்குமோ? உங்க மாமனாருகிட்ட நான் செய்யாத தப்புக்கு முப்பது வருசம் மன்னிப்புக் கேட்டேன். என்ன கொறஞ்சு போனேன்? அந்த மனுசந்தான் போய்ச் சேந்தாக, நான் இங்கன மொச்ச உரிக்கிறேன்.”

“அங்கன அப்படி எழுதிட்டா, நாளைக்கு எவன் வந்தாலும் நான் மறிக்க முடியாது அத்தே. சும்மா போயிருவான். வாளிக்குப் பதுலா ஆளப் பிடிச்சு இழுத்தா?”

“அப்ப ஜீப்புல போ. கம்பமெட்டுக்குக் காலையில அஞ்சு மணிக்கு வரும்ல, அதுல போ.”

கல்யாணமான நாளிலிருந்து ஆறு வருஷம் அந்த ஜீப்பில் போனவள் முனீஸ்வரி. எட்டுப் பேர் உட்காரும் வண்டியில் பதினாறு பெண்கள், ஒருத்தி மடியில் ஒருத்தி, எல்லோர் மடியிலும் தூக்குவாளி. வளைவுக்கு வளைவு பதினாறு வாயும் ஒரே சாமியைக் கூப்பிடும். மேலே ஏலத்தோட்டத்தில் குனிந்தே காய் எடுத்து, அட்டைக்கடிக்கு உப்புப் பொட்டலம் முடிந்துகொண்டு, சாயங்காலம் அதே வளைவுகளில் அதே சாமி. காந்த ஆபீஸுக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் அவளுக்கு முதுகு என்று ஒன்று நேராக இருக்கிற விஷயமே தெரிந்தது.

தங்கபாண்டி முழங்கால் வரைக்கும் சேறோடு வந்து, வாசலில் காலைக் கழுவிக்கொண்டே மெமோ கதையைக் கேட்டான். ‘இடுப்பில் கத்தியது’ என்ற இடத்தில் செம்பைக் கீழே வைத்துவிட்டான்.

“இடுப்புலயா? ஏ புள்ள, நல்லாத் தெரியுமா?”

“கோலு சொல்லுது மாமா. நானா சொல்றேன்.”

தங்கபாண்டி சிரிக்க ஆரம்பித்தான். நிறுத்த முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டான்.

“என்னன்னு சொல்லிட்டுச் சிரிலே” என்றாள் அக்கம்மாள்.

“ஆத்தா, போன சனிக்கெழம உரமூட எறக்கக் குச்சனூரு போனேன்ல? ஆடி மொதச் சனி, கூட்டம்னா கூட்டம். அங்கன ஒருத்தரு தலையில துண்டப் போத்திக்கிட்டு எள்ளுத் தீபம் போடுறாக. எங்கயோ பாத்த மூஞ்சியா இருக்கேன்னு பாத்தா, நம்ம காந்த ஆபீஸு சாரு. கண்ணாடிய வேற கழட்டி வச்சிருக்காக, நமக்குத் தெரியாதாம்.”

“போயிட்டுப் போறாக. சாமி கும்புடக் கூடாதா?” என்றாள் முனீஸ்வரி.

“கேளு புள்ள. வெளிய வந்தாகளா, ரோட்டோரம் லாடக்கார தவசி உக்காந்திருப்பாருல்ல? குதர லாடத்த நெகத்தளவு வெட்டி வச்சிருப்பாரு. ஏழரச் சனிக்காரங்க வாங்கி அரணாக்கயித்துல முடிஞ்சுக்குவாக. ஏழர வருசம் முடியிற வரைக்கும் அவுக்கக் கூடாது, அவுத்தா ரெட்டிப்பாப் பிடிச்சுக்கிரும். சாரு அங்கன நின்னு பேரம் பேசுறாக. அம்பது ரூவாய நாப்பதுக்குக் கேக்குறாக.”

அக்கம்மாள் மொச்சைத் தோல் ஒட்டிய கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அப்ப முடிஞ்சுச்சு கத. நாளைக்குப் போயி, உங்க லாடம் எப்படி இருக்கு சார்னு ஒரு வார்த்த கேளு. அவரே வேல போட்டுத் தருவாரு.”

முனீஸ்வரி மெமோவை மடித்தாள். “அவுக இடுப்புல என்ன இருந்தா எனக்கென்ன அத்தே. கத்துச்சு. தொறக்கல. அம்புட்டுத்தான்.”

பதிலும் அப்படியே எழுதிக் கொடுத்தாள். ‘விதி 17-இன்படி கோல் கத்தியது. கதவைத் திறக்கவில்லை. இப்படிக்கு, முனீஸ்வரி.’

வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து ஆய்வுக்குழு வந்தது. மையத்துக்கு இன்னும் ஐந்து வருஷம் அனுமதி தரலாமா என்று பார்க்க வந்த குழு. தலைவர் பேராசிரியர் பவானி. குள்ளமான அம்மாள், மூக்குக் கண்ணாடிக்கு மேல் பார்க்கிற பழக்கம். முனீஸ்வரியை மதன்குமார் காலையிலேயே வாசலிலிருந்து எடுத்து, வாழைக்காய் பஜ்ஜியும் டீயும் கொடுக்கும் வேலையில் போட்டுவிட்டார். வாசலில் அலுவலக உதவியாளர் விஜய்பாண்டியை டை கட்டி நிறுத்தியிருந்தார். டையில் கிளிப் மினுங்கியது.

பவானி அம்மாள் பஜ்ஜியைத் தொடாமல் பயிற்சிப் பதிவேட்டைக் கேட்டார். ஆறு மாதத்துக்கு ஒருதரம் எல்லோரும் மறுபயிற்சி எடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி நாலு. பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேல் பார்த்தார்.

“கதவு திறக்கிற தகுதி இன்றைய தேதிக்கு ஒரே ஒருத்தருக்குத்தான் இருக்கு. இயக்குநரே மறுபயிற்சி எடுக்கல. முனீஸ்வரிங்கிறது யாரு?”

இம்மானுவேல்தான் தொண்டையைக் கனைத்து, “உங்களுக்கு டீ குடுத்தவங்க மேடம்” என்றான்.

முனீஸ்வரி எண்ணெய்க் கையைக் கழுவிவிட்டு வந்து கோலை எடுத்தாள்.

“உங்களை யார் சோதிப்பாங்க?” என்று கேட்டார் பவானி.

“காலையிலயே பாத்தாச்சு மேடம்” என்று இம்மானுவேல் டிக் அடித்த நோட்டைக் காட்டினான். அம்மாள் தலையசைத்தார்.

பவானி அம்மாளை உடுப்பு மாற்றச் சொல்லி, சேலையில் குத்தியிருந்த ஊக்குகளைப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் வாங்கினாள். ஒன்பது. கொண்டையில் கொண்டை ஊசி நாலு. மெட்டி, வளையல், மூக்குத்தி. “இவ்வளவையும் சுமந்துட்டா நடக்கிறேன்” என்று அம்மாள் வியந்தார். குழுவில் இருந்த மற்ற இருவரும் சுத்தமாக வந்தார்கள். விஜய்பாண்டி டை கிளிப்போடு முதல் அறைக்கே திரும்பிப் போனான்.

“நான் கண்ணாடி ஜன்னல் வழியா இங்கிருந்தே விளக்குறேன் மேடம்” என்றார் மதன்குமார்.

“இயக்குநர் இல்லாம எப்படி? வாங்க.”

அவர் உடுப்பு மாற்றிக்கொண்டு வந்து கைகளை விரித்தார். இந்த முறை சிலுவை மாதிரி. கோல் தோளில் பேசவில்லை. நெஞ்சில் பேசவில்லை. இடுப்பில் கத்தியது. முனீஸ்வரி கோலை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடியும் கத்தியது.

“என்ன டாக்டர் அது?” என்றார் பவானி.

தவசியிடம் வாங்கியது என்று சொல்லலாம். திரைக்குப் பின்னால் போய் அவிழ்த்து வைத்துவிட்டும் வரலாம். ஆனால் அவிழ்த்தால் ரெட்டிப்பு. மதன்குமார் முகத்தில் சனியும் விஞ்ஞானமும் கொஞ்ச நேரம் இழுத்துக்கொண்டன. முனீஸ்வரி அவர் முகத்துக்குக் கீழே, உடுப்பின் கழுத்து நாடாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பிளேட்” என்றார் மதன்குமார். “இடுப்பெலும்புல. ஜெர்மனியில படிக்கிறப்ப சைக்கிள்ல விழுந்துட்டேன்.”

“அடடா” என்றார் பவானி.

முனீஸ்வரி மேசை இழுப்பறையிலிருந்து நீலப் படிவத்தை எடுத்தாள். விதி இருபத்துமூன்று: உடம்புக்குள் உலோகம் உள்ளவர்கள்.

“எந்த வருசம் சார் வச்சாக?”

“ரெண்டாயிரத்து... ஒம்போது.”

“எந்த ஆஸ்பத்திரி சார்?”

“அது ஜெர்மன் பேரு. எழுத வராது.”

“என்ன உலோகம் சார்?”

“டைட்டானியமா இருக்கலாம்.”

“இருக்கலாம்னு போட எடமில்ல சார். தெரியாதுன்னு போடுறேன்.” எழுதினாள். “ஆஸ்பத்திரிக் காயிதம் வர்ற வரைக்கும் மூணாவது அறைய விட்டுத் தாண்டக் கூடாது சார். விதி. இங்கன ஒரு கையெழுத்து.”

பத்து மாதம் முன்பு தான் எழுதிய விதிக்குக் கீழே மதன்குமார் கையெழுத்துப் போட்டார். நான்காம் அறைக் கதவு திறந்தது. முனீஸ்வரி இடது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு கதவைப் பிடித்தபடி நின்றாள். பவானி அம்மாள் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார். இயக்குநர் தன் காந்தத்தைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு வெளியே நின்றார்.

குழுவின் அறிக்கை பிரமாதமாக வந்தது. தன் உடலில் உள்ள குறையை மறைக்காமல் சொல்லி, தான் வகுத்த விதிக்குத் தானே கட்டுப்பட்ட இயக்குநரின் அறிவியல் நேர்மையை அது பாராட்டியது. மையத்துக்கு ஐந்து வருஷம் அனுமதி கிடைத்தது. ஆஸ்பத்திரிக் காகிதம் இன்னும் வரவில்லை. மதன்குமார் கண்ணாடிக்கு வெளியே நின்றே ஆராய்ச்சி செய்கிறார். ஏழரை முடிய ஆறு வருஷம் சொச்சம் இருக்கிறது.

முனீஸ்வரிக்கு நிரந்தர வேலை ஓலை அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமே கிடைத்துவிட்டது. பவானி அம்மாள் மதன்குமாரை முன்னால் உட்காரவைத்து அடிக்கச் சொன்ன ஓலை. அதில் ‘பாதுகாப்பு விதிகளின் உருவமாக விளங்குபவர்’ என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை அக்கம்மாள் இரண்டு தரம் வாசிக்கச் சொன்னாள். உருவம் என்றால் அவளுக்குப் புரிந்தது.

“இனி ஜீப்பு இந்த வீட்டு வாசல்ல நிக்காதுல்ல?” என்று கேட்டாள்.

“நிக்காது அத்தே.”

மூன்றாம் வாசிப்புக்கு நடுவில் தங்கபாண்டி நொண்டிக்கொண்டு வந்தான். வரப்பில் கருவேல முள் ஏறிவிட்டதாம். வாசற்படியில் உட்கார்ந்து, உள்ளங்காலைத் திருப்பி வைத்துக்கொண்டு, “ஊக்கு ஒண்ணு குடு புள்ள” என்று கையை நீட்டினான்.

முனீஸ்வரி ஓலையிலிருந்து கண்ணை எடுக்காமல், ரவிக்கைக்குள்ளிருந்த மஞ்சள் கயிற்றை வெளியே இழுத்து, அதில் கோத்திருந்ததில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள். அவன் முள்ளை எடுத்தான். ஊக்கைத் திருப்பித் தந்தான். அதை மறுபடி கயிற்றில் மாட்டப் போகும்போதுதான் அவள் கை நின்றது.

கயிற்றில் இன்னும் இரண்டு இருந்தன. பத்து மாதமாக இருந்தன.